ரசிக்கப் பொருள் வேண்டுமா? பெருந்துறை வட்டாரத்திலிருந்து ஒரு விசாரணை

ஈரோட்டிலிருந்து காங்கயம் போகும் சாலையில் அறச்சலூர் வரும். ஊரை ஒட்டிய நாகமலையில் ஆண்டிப்பாறை என்று சொல்லப்படும் இயற்கைக் குகைத்தளம் ஒன்று இருக்கிறது. அங்கே தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில் மூன்று பொறிப்புகள் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஈரோட்டுப் புலவர் செ. இராசு அவற்றை ஆய்வுலகின் பார்வைக்குக் கொண்டுவந்தார். காலத்தைப் பற்றி இன்னும் ஒருமித்த முடிவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு, 4ஆம் நூற்றாண்டு வரை கொண்டுவருபவர்களும் உண்டு.

தமிழ்நாட்டின் மற்றக் குகைத்தளக் கல்வெட்டுகள் பெரும்பாலும் ஒரு செய்தியைச் சொல்பவை. இன்ன துறவிக்கு இன்ன ஊரான் செய்து கொடுத்த படுக்கை என்பது போல. அறச்சலூர்ப் பொறிப்புகளில் இரண்டு எந்தச் செய்தியையும் சொல்வதில்லை. ஒன்றில் த, தா, தே, தை என்ற எழுத்துகள் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசையில் நிற்கின்றன. இடமிருந்து வலமாகப் படித்தாலும் வலமிருந்து இடமாகப் படித்தாலும், மேலிருந்து இறங்கினாலும் கீழிருந்து ஏறினாலும், அதே அடுக்குத்தான். இன்னொன்றும் இதே வகைக் கட்டுமானம், எழுத்துகள் மட்டும் சற்று வேறு. ஆடலுக்கான சொற்கட்டு என்கிறார்கள் சிலர், தாளக் குறிப்பு என்கிறார்கள் சிலர். அகராதியை வைத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் கிடைக்காது என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.

மூன்றாவது பொறிப்பு இந்த எழுத்துகளைச் சேர்த்தமைத்தவன் யார் என்று சொல்கிறது. தேவன் சாத்தன் என்பவன், வண்ணக்கன். பொன்னையும் காசையும் மணியையும் நோட்டம் பார்த்துத் தரம் சொல்பவனுக்கு அந்தக் காலத்தில் வண்ணக்கன் என்று பெயர். அறச்சலூர்க் கல்வெட்டில் அந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்பதை 'மணிய' என்று வாசிப்பவர்கள் இவனை மணி நோட்டக்காரன் என்கிறார்கள். அந்த வாசிப்பு சரியென்றால் ஆள் பொருத்தமான வட்டாரத்தில்தான் இருந்திருக்கிறான். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில், இன்றைய பெருந்துறை வட்டத்தில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் அங்கே நீலக்கல்லும் பச்சைக்கல்லும் சூதுபவளமும் பளிங்கும் மணிகளாகச் செதுக்கப்பட்ட பட்டறைத் தடயங்கள் வெளிப்பட்டன. பகலெல்லாம் கல்லின் தரம் பார்த்த ஒருவன், பொருளற்ற எழுத்துகளை முன்பின் மாறாத சதுரமாக அடுக்கி, அதைப் பாறையில் வெட்டவைத்து, கீழே தன் பெயரையும் போட்டுக்கொண்டான். தமிழில் தன் படைப்புக்குக் கையெழுத்திட்ட முதல் கலைஞர்களில் ஒருவன் என்று அவனைச் சொல்லலாம். அவன் கையெழுத்திட்ட படைப்பில் பொருள் என்று ஒன்று கிடையாது.

கலையை ரசிக்க அதன் பொருள் புரிந்தாக வேண்டுமா என்ற கேள்விக்குப் பெருந்துறையைச் சுற்றி முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் கிடைக்கும் சான்றுகளே போதுமானவை என்று எனக்குத் தோன்றுகிறது. தேவன் சாத்தன் முதல் சாட்சி. வேண்டாம் என்பது அவன் பக்கம்.

இரண்டாவது சாட்சி அவனுக்கு நேர் எதிரான தொழில் செய்தவர். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லாரின் ஊர் நிரம்பை. அந்த ஊர் கொங்கு மண்டலத்தில், பெருந்துறை, விசயமங்கலம் பகுதியைச் சேர்ந்தது என்பது மரபு. பொருள் சொல்வதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட மனிதர். அரங்கேற்று காதைக்கு அவர் எழுதிய உரை இல்லாவிட்டால் பழந்தமிழ் இசையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி தெரியாமல் போயிருக்கும். யாழின் வகைகள், பண்ணின் பிறப்பு, குழலில் துளைகளின் இடைவெளி, அரங்கின் அளவு, ஆடல் ஆசானுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது வரை எழுதிவைத்திருக்கிறார். தம் காலத்துக்கு முன்பே அழிந்துபோன இசை, நாடக நூல்களின் பெயர்களையும் தருகிறார். அவர் கையாண்ட நூல்களில் ஒன்றான பஞ்சமரபை, அதே கொங்கு நாட்டைச் சேர்ந்த வே. ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர் ஏட்டுச்சுவடியிலிருந்து மீட்டு 1970களில் அச்சுக்குக் கொண்டுவந்தார்.

அத்தனை பொருள் சொன்ன அடியார்க்குநல்லார், பொருளில்லாத ஒலிகளுக்கும் இடம் ஒதுக்குகிறார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆளத்தி, அதாவது இன்று நாம் ஆலாபனை என்று சொல்வதன் மூதாதை, எந்த எழுத்துகளைக் கொண்டு பாடப்பட வேண்டும் என்பதற்கு மரபில் விதி இருந்தது. அந்த விதியை அவர் எடுத்துக் காட்டுகிறார். சொல்லாகாத ஒலிக்குக்கூட இது தகும், இது தகாது என்று வகுத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த ஒலியைக் கேட்பவனுக்கும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எங்கே தொடங்கியது, எங்கே திரும்புகிறது, எங்கே வந்து நிற்கப்போகிறது என்ற தெரிவு அது. பொருள் தெரிவதையும் இப்படிக் கேட்கத் தெரிவதையும் நாம் அடிக்கடி ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். தெருக்கூத்து பார்த்துப் பழகிய பாட்டிக்குப் பாட்டின் பல சொற்களுக்கு அர்த்தம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தாளம் ஓர் அட்சரம் தப்பினால் அவள் முகம் சுளிக்கும்.

அடியார்க்குநல்லார் உரை முழுவதும் நமக்குக் கிடைக்கவில்லை. பிற்பகுதி இல்லை. நடுவில் ஒரே ஒரு பகுதிக்கும் இல்லை: கானல்வரி. உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது அந்தப் பகுதிக்கு அரும்பதவுரை என்ற பழைய சுருக்க உரைதான் துணையாக இருந்தது. இந்த இழப்பு என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் ஒன்று. ஏனென்றால் நம் கேள்விக்கு இலக்கியத்தில் கிடைக்கும் மிகக் கூர்மையான சோதனை அந்தக் கானல்வரிதான்.

புகாரில் இந்திர விழா முடிந்து கோவலனும் மாதவியும் கடற்கரைக்கு வருகிறார்கள். யாழைச் சீர்செய்து மாதவி கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் காவிரியையும் கானலையும் பாடுகிறான். பாட்டில் ஒரு பெண் வருகிறாள். இவன் மனம் வேறு எங்கோ இருக்கிறது என்று மாதவி எண்ணிக்கொள்கிறாள். ஊடலாக யாழை வாங்கி, தனக்கும் வேறு குறிப்பு இருப்பதுபோல் அவள் பாடுகிறாள். கோவலன் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். திரும்பி வரவேயில்லை. இளங்கோ இதற்கு ஊழைக் காரணம் காட்டுகிறார். ஊழை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் அந்த மணலில் நடந்தது இதுதான்: இரண்டு தேர்ந்த ரசிகர்கள், எதிரெதிரே உட்கார்ந்து, பாட்டைக் கேட்பதை நிறுத்திவிட்டுப் பாட்டின் பொருளைக் கேட்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் பாடியவை வரிப்பாடல்கள். கடற்கரையில் யாரும் யாரையும் நினைத்துப் பாடக்கூடிய அகத்துறைப் பாட்டுகள். அதில் வரும் தலைவன் எந்தத் தலைவனும் ஆகலாம், தலைவி எந்தத் தலைவியும் ஆகலாம். அகப்பாட்டில் பெயர் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்ததற்கு இதைவிட நல்ல நியாயம் கிடைக்காது. பெயர் இல்லாத இடத்தில் பெயரைப் பொருத்தியதும் பாட்டு சாட்சியமாகிவிடுகிறது. பொருள் புரியாமல் கேட்டிருந்தால் கோவலன் அன்றிரவு மாதவி வீட்டுக்கே திரும்பியிருப்பான். ரசனைக்குப் பொருள் உதவும் என்று சொல்பவர்கள் இந்த வழக்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1941 ஆகஸ்டில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரி மேடைகளில் தெலுங்கும் சமஸ்கிருதமுமே ஒலிக்கின்றன, தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில் துக்கடா இடம்தான் கிடைக்கிறது, இது மாற வேண்டும் என்பது கோரிக்கை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார், எழுத்தாளர் கல்கி எழுதினார், இலக்கிய ரசிகர் டி.கே.சி. பேசினார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானபோது அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பரில் சமர்ப்பித்த அதே நிதியமைச்சர். அவர் இன்னொரு காரியமும் செய்தார். 1946இல் சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்குத் தாமே ஓர் உரை எழுதி வெளியிட்டார். கானல்வரி அந்தக் காண்டத்தில்தான் இருக்கிறது. நிரம்பை ஆசிரியரின் உரை கிடைக்காமல் போன இடத்தில், ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து, அதே கொங்கு மண்ணிலிருந்து ஒருவர் மறுபடி உரை எழுத உட்கார்ந்தார். ஏற்பாடு செய்து வைத்ததுபோல் இருக்கிறது, ஆனால் தற்செயல்தான்.

தமிழிசைத் தரப்பின் வாதம் எளிமையானது. புரியாத மொழியில் பாடுவதைக் கேட்டுத் தலையாட்டுபவன் உண்மையில் எதை ரசிக்கிறான்? பாட்டின் பாவம் சொல்லில் இருக்கிறது, சொல் புரியாதவனுக்குப் பாவம் எப்படிப் போய்ச் சேரும்? எதிர்த்தரப்பு சென்னை சங்கீத வித்வத் சபையைச் சுற்றித் திரண்டது. நாதத்துக்கு மொழியில்லை, பெரியவர்கள் எந்த மொழியில் சாகித்தியம் செய்தார்களோ அந்த மொழியில் பாடுவதே சங்கீதத்தின் தரத்துக்குக் காவல் என்பது அவர்கள் நிலை. படிக்கும்போது இரண்டு தரப்பும் சரி என்று படுகிறது, இரண்டு தரப்பும் எதையோ மறைக்கின்றன என்றும் படுகிறது.

அன்றைய நாகசுவரக் கச்சேரிகளை எடுத்துக்கொள்வோம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை விரித்தபோது கோயில் வீதியில் விடியவிடிய நின்று கேட்ட கூட்டத்தில் ராகத்தின் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சொல்லே இல்லாத இசைக்கு அந்தக் கூட்டம். எனவே சொல் புரியாவிட்டால் ரசனையில்லை என்ற வாதம் அந்த வீதியிலேயே விழுந்துவிடுகிறது. ஆனால் நாதத்துக்கு மொழியில்லை என்பவர்களும் தப்பிக்க முடியாது. மொழி ஒரு பொருட்டே இல்லையென்றால் தமிழில் பாடச் சொன்னதும் ஏன் அவ்வளவு கோபம் வந்தது?

இந்தச் சண்டைக்குள் ஈரோட்டுக் குரல் ஒன்று வந்தது. பெரியார் தமிழிசை இயக்கத்தை ஆதரித்தார். ஆனால் அவருடைய ஆதரவு மற்றவர்களுக்குச் சங்கடம் தரக்கூடிய ஆதரவு. தமிழில் பாடு என்றால், பாடுவது புரியும். புரிந்தால் அடுத்த கேள்வி எழும்: என்ன பாடுகிறாய்? அதே புராணத்தையும் அதே பக்தியையும் தமிழில் பாடி என்ன பயன், பாட்டின் கருத்து மாற வேண்டாமா என்று 1940களில் அவர் தொடர்ந்து எழுதினார், பேசினார். எனக்கு இந்த மொத்த விவாதத்திலும் முக்கியமான திருப்பம் இதுவே என்று படுகிறது. கல்கிக்குப் பொருள் வேண்டியிருந்தது ரசிப்பதற்கு. பெரியாருக்குப் பொருள் வேண்டியிருந்தது கணக்குக் கேட்பதற்கு.

இதையே என் கருத்தாகவும் சொல்லிவிடுகிறேன். ஒரு கலையில் திளைக்க அதன் பொருள் நமக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அதோடு மல்லுக்கு நிற்க, அதை ஏற்கவோ மறுக்கவோ, பொருள் இல்லாமல் முடியாது.

முதல் பாதிக்குச் சோதனைக்கூடங்களிலிருந்தும் ஆதரவு இருக்கிறது. ஹெல்மட் லேடரும் அவருடைய கூட்டாளிகளும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அருவ ஓவியங்களைப் பார்ப்பவர்களுக்கு விளக்கமான தலைப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓவியம் தங்களுக்குப் புரிகிறது என்ற உணர்வு கூடியது. பிடித்திருக்கிறது என்ற மதிப்பு அதற்கேற்பக் கூடவில்லை. எலிசபெத் மார்குலிஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பீத்தோவனின் நால்வர் இசைத் துண்டுகளை, இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்கு, சிலவற்றை முன்னுரையோடும் சிலவற்றை ஒன்றும் சொல்லாமலும் போட்டுக் காட்டினார்கள். முன்னுரையோடு கேட்டபோது ரசனை குறைந்திருந்தது. நம் சபாக்களில் பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் பேசும் வழக்கமுள்ளவர்களுக்கு இந்த ஆய்வை அனுப்பிவைக்கலாம்.

லாரா-லீ பால்க்வில், வில்லியம் தாம்ப்சன் இருவரும் 1999இல் செய்த சோதனையில், இந்துஸ்தானி இசையைக் கேட்டுப் பழக்கமில்லாத மேற்கத்தியக் கேட்பாளர்கள், மகிழ்ச்சிக்கென்று இசைத்ததையும் சோகத்துக்கென்று இசைத்ததையும் கோபத்துக்கென்று இசைத்ததையும் பெருமளவு சரியாகவே இனம் கண்டார்கள். சாந்தத்தைத்தான் பிடிக்க முடியவில்லை. வேகம், மெட்டின் சிக்கல் போன்றவை எல்லை தாண்டிப் போகின்றன, நுட்பமான அமைதி போவதில்லை. ஆளத்திக்கு விதி வகுத்தவர்களுக்கு இது வியப்பாக இருந்திருக்காது. காது பழகாதவனுக்குப் பாதிதான் கிடைக்கும் என்று அவர்களும் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் இந்தச் சோதனைகளிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அவை ஒருமுறை கேட்பவனை அளக்கின்றன. நம் ஊர்களில் கலை அப்படி வருவதில்லை. வருடா வருடம், அதே கோயிலில், அதே கதை வருகிறது.

கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகப் பதினெட்டு இரவுகள் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதன் அடிப்படையில் அவர் எழுதிய 'மூன்று இரட்டையர்' என்ற பொருள்படும் ஆங்கில நூல் 1982இல் வந்தது. பொன்னரும் சங்கரும் களத்தில் விழப்போகிறார்கள் என்பது கொங்கு நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தங்கை அருக்காணித் தங்காள் அழப்போவதும் தெரியும். பதினெட்டு இரவுகளிலும் ஒரு திடுக்கிடலும் இல்லை. இருந்தும் அவர்கள் விழும் படுகளம் வரும் இரவில் கூட்டம் வீட்டுக்குப் போகாது. அண்ணன்மார் கோயில்களில் படுகளம் நிகழும்போது இளைஞர்கள் அருள் வந்து பிணம்போல் விழுவார்கள், பிறகு எழுப்பப்படுவார்கள். உடுக்கையின் வேகம் மாறும் இடத்தில் உடம்பு பதில் சொல்கிறது. கதை முழுவதும் தெரிந்திருப்பதால்தான் எந்த இடத்தில் விழ வேண்டும் என்று அந்த உடம்புக்குத் தெரிகிறது. லேடரின் தலைப்பு அட்டையும் இந்த முன்தெரிவும் ஒரே சாதியல்ல. ஒன்று ஓவியத்துக்கு முன்னால் படித்துவிட்டு மறந்துபோவது. மற்றது தாத்தா மடியில் உட்கார்ந்து கேட்டு, கேட்டதே தெரியாமல் உள்ளே போய்விட்டது. சான் டியேகோவில் ஜோனதன் லெவிட்டும் நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் 2011இல், முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கதை படிக்கக் கொடுத்தபோது வாசகர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்ததைக் கண்டு அறிவித்தார்கள். உடுக்கடிப்பவரிடம் கேட்டிருந்தால் ஆய்வு நிதி மிச்சமாகியிருக்கும்.

சென்னிமலைக்குப் போவோம். பெருந்துறையிலிருந்து அரை மணிப் பயணம். தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் இந்த மலைக்கோயிலில்தான் அரங்கேறியது என்பது இவ்வட்டாரத்தின் உறுதியான நம்பிக்கை. தமிழ்நாட்டில் மிக அதிகம் பேருக்கு மனப்பாடமான பாட்டு எதுவென்று கேட்டால் கவசம் முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் வரும். அதில் பொருளுள்ள வரிகளுக்கு நடுவே, பொருள் கேட்கவே கூடாத ஒலியடுக்குகள் வருகின்றன. முருகனின் மந்திர எழுத்துகளை மாற்றி மாற்றிச் சுழற்றும் அடுக்குகள், முழவின் அதிர்வைப் போல் ஓடும் அடுக்குகள். தேவன் சாத்தனின் பாறையிலிருந்து நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. பாடுபவர்களில் பெரும்பாலோர் பொருளுள்ள வரிகளையும் அந்த ஒலியடுக்குகளைப் போலவே பாடுகிறார்கள் என்பது என் கணிப்பு. வாய் ஓடுகிறது, மனம் நிறைகிறது.

2020 ஜூலையில் ஒரு யூடியூப் சேனல் கவசத்தின் சில வரிகளை எடுத்து இழிவான முறையில் 'பொருள்' சொல்லி வெளியிட்டது. மாநிலமே கொதித்தது, வழக்கும் கைதும் நடந்தன. அந்தக் காணொளியின் தரத்தை நான் ஆதரிக்கவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. ஓர் உடல் உறுப்பையும் விடாமல் காப்பாற்று என்று வேண்டும் பாட்டு அது, எல்லா உறுப்புகளின் பெயர்களும் அதில் வெளிப்படையாகவே இருக்கின்றன. அவ்வளவு காலம் தினமும் காலையில் பாடியவர்களுக்கு அவை கேட்கவேயில்லை. நம்பாதவன் ஒருவன் வரிவரியாகப் படித்தபோதுதான் கேட்டன. சண்டைக்கு வந்தவனும் பொருளைத்தான் ஆயுதமாக எடுத்தான், பதில் சொன்ன பக்தர்களும் அன்று முதல்முறையாகப் பொருள் விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

கடைசியாகப் பெருந்துறையின் சொந்த வழக்கு. 2024 பிப்ரவரியில் பெருந்துறை அருகே நடந்த ஓர் அரசியல் மாநாட்டில் பெண்களும் ஆண்களும் பிள்ளைகளுமாகச் சுமார் 16,000 பேர் ஒரே நேரத்தில் வள்ளி கும்மி ஆடினார்கள் என்றும் அது சாதனைப் புத்தகத்துக்குப் போகிறது என்றும் செய்திகள் வந்தன. பத்து இருபது ஆண்டுகளுக்கு முன் மறைந்துகொண்டிருக்கும் கலை என்று பட்டியலிடப்பட்ட ஒன்று, இன்று கொங்கு நாட்டின் ஊர்தோறும் அரங்கேற்றம் காண்கிறது. ஆசிரியர் ஒருவர் நடுவில் நின்று பாட, ஜமாப்பும் பறையும் ஒலிக்க, ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் வட்டமாக ஆடுவதைப் பார்த்தால் யாருக்கும் கால் துடிக்கும். பெண்கள் ஆடக்கூடாது என்றிருந்த மரபை உடைத்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர்களில் முன்னோடி கோவை மாவட்டத்துப் பத்திரப்பன். எண்பதைக் கடந்த வயதில், 2024இல், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

கும்மியில் பாடப்படும் கதை எது? வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த பெண்குழந்தையை வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்க்கிறான். தினைப்புனம் காக்கும் பருவத்தில் முருகன் வருகிறான், வேடனாக, வேங்கை மரமாக, கிழவனாக. அண்ணன் பிள்ளையாரை யானையாக அனுப்பி மிரட்டி, வளர்த்தவர் அறியாமல் அவள் மனத்தைக் கவர்ந்து, யாரும் அறியாமல் கூட்டிக்கொண்டு போகிறான். தேடிவந்த வேடர்களோடு சண்டை நடக்கிறது. அப்புறம்தான் ஊரறிய மணம். தமிழில் களவு மணத்துக்கு இதைவிடப் புகழ்பெற்ற கதை கிடையாது. பெண் ஒரு குலம், மாப்பிள்ளை வேறு குலம். வீட்டார் சம்மதம் பின்னால்தான் வருகிறது.

இதே 2024இல் வள்ளி கும்மி மேடை ஒன்றில், சொந்தச் சாதிக்குள்ளேயே திருமணம் செய்துகொள்வோம் என்று பெண்பிள்ளைகளை உறுதிமொழி எடுக்கவைத்ததாக ஒரு காணொளி பரவி, பெரிய சர்ச்சையானது. ஆதரித்தவர்கள் பண்பாடு என்றார்கள், எதிர்த்தவர்கள் சட்டம் என்றார்கள். அந்த விவாதத்தில் நான் படித்த அளவில், வள்ளி என்ன செய்தாள் என்று கேட்டவர்கள் குறைவு. வேடர் வீட்டுப் பெண் வேற்று ஆளோடு வீட்டை விட்டுப் போன கதையைப் பாடி ஆடி வியர்த்துவிட்டு, அதே மேடையில் நாங்கள் அப்படிப் போகமாட்டோம் என்று சொல்ல முடிந்தது. பாட்டு ஒரு பக்கம், உறுதிமொழி ஒரு பக்கம், நடுவில் எந்த உரசலும் இல்லை.

ஆட்டத்தின் இன்பம் இதனால் ஒரு துளியும் குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சேர்ந்து கைதட்டுவதிலும் ஒரே கணத்தில் திரும்புவதிலும் வரும் மகிழ்ச்சிக்கு நம்பிராசன் யார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. அறச்சலூர் வண்ணக்கனின் சதுரம்போல, முன்னும் பின்னும் மாறாத அடவு தரும் நிறைவு அது. ஆட வரும் பெண்களைக் குறைசொல்லும் எண்ணமும் எனக்கில்லை. வீட்டு வாசலைத் தாண்டி ஊர் நடுவில் ஆட இடம் கிடைத்ததே அவர்களில் பலருக்குப் பெரிய காரியம். உறுதிமொழியை எழுதிக்கொடுத்தவர்களுக்கு மட்டும் பொருளற்ற ஆட்டம் மிக வசதியானது. கேட்பவர் காதில் கதை விழாதவரை, எந்தக் கதையின்மேலும் எந்த உறுதிமொழியையும் ஒட்டலாம்.

வள்ளி கும்மி வகுப்புகள் பெரும்பாலும் மாலையில், கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ, வாரக்கணக்கில் நடக்கின்றன. முதலில் அடவு, பிறகு பாட்டு. பிள்ளைகள் அடவை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். பாட்டை ஆசிரியர் பாடுகிறார், அவர்கள் பின்பாட்டைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். முழுக் கதையையும் ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லிக்கொடுத்த வகுப்பில் உறுதிமொழித் தாள் வந்தால், பிள்ளைகளில் ஒருத்தியாவது கையைத் தூக்கி, வள்ளியோட அப்பா இதுக்கு என்ன சொன்னாருங்க என்று கேட்பாள்.